பெரிய எஸ்.யூ.வி. உங்கள் வீட்டுக்குத் தேவையா? ஷோரூம் வாசலை மிதிக்கும் முன் வேலூர்க்காரர்கள் போட வேண்டிய கணக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் கார் வாங்குகிறவர்களில் பலர் முதலில் ஷோரூமுக்குப் போகிறார்கள், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் வண்டி தெருவுக்குள் வருமா என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் நான்குக்கும் பணம் செலவில்லை. அவற்றில் ஒன்றில் “வேண்டாம்” என்று பதில் வந்தால் மற்றதைப் பார்க்கும் வேலையே மிச்சம்.

பெரிய எஸ்.யூ.வி. என்று இங்கே சொல்வது ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ-என், எக்ஸ்.யூ.வி.700, ஹாரியர், சஃபாரி வகையை. நீளம் 4.6 மீட்டர், அகலம் 1.85 மீட்டர் அல்லது அதற்கு மேல். நெக்ஸான், பிரெஸ்ஸா, பஞ்ச் போன்றவை 4 மீட்டருக்குள் அடங்குபவை. அவற்றைச் சிறிய வண்டிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

5 மீட்டர் டேப், ஒரு கிண்ணம் கோலமாவு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நோட்டு, வீட்டில் இப்போது கார் இருந்தால் அதன் ஆர்.சி. புத்தகம். பார்த்து வைத்திருக்கும் வண்டியின் நீள, அகல, உயரம் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். மி.மீ. கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். 305 மி.மீ. ஓர் அடி.

1. ஒரு மாதப் பயணத்தை எழுதுங்கள்

ஒவ்வொரு பயணத்துக்கும் நான்கு விவரம் போதும்: எங்கே போனீர்கள், எத்தனை பேர், என்ன சுமை, எப்படிப்பட்ட பாதை. அதே நோட்டின் பின்பக்கத்தில் கடந்த ஓர் ஆண்டில் போன வெளியூர்ப் பயணங்களை நினைவிலிருந்து எழுதுங்கள்: திருப்பதி, திருவண்ணாமலை, சோளிங்கர், சென்னை, பெங்களூரு, கல்யாணம், காரியம்.

தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனசில் நிற்பது எட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்து போன அந்த ஒரு பயணம்தான். சத்துவாச்சாரியிலிருந்து பிள்ளையைப் பள்ளியில் விட்டு வந்ததும், சி.எம்.சி.க்கு ஒருவரை அழைத்துப் போனதும் நினைவில் தங்குவதில்லை. வண்டி ஓடப்போவது பெரும்பாலும் அந்த மறந்துபோன பயணங்களில்.

எழுதி முடித்ததும் ஆறு பேர் அல்லது அதற்கு மேல் போன நாட்களைச் சுழியுங்கள். மாதத்தில் நான்கு நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏழு இருக்கை வண்டி சொந்தமாக வேண்டியதில்லை. இது சட்டமல்ல, எங்கள் அளவுகோல். ஆனால் அதற்குக் கீழே போனால் வாடகைக் கணக்கு பெரும்பாலும் ஜெயிக்கும் என்பதை 6-வது படியில் பார்க்கலாம்.

2. தெருவையும் கேட்டையும் அளங்கள்

அதிகம் பேர் தவறவிடும் படி இதுதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

முதலில் தெரு. பழைய வேலூரில் சைதாப்பேட்டை, கொசப்பேட்டை பக்கத்துச் சந்துகளும், குடியாத்தம், ஆம்பூர், ஆரணி ஊர்களின் உள் தெருக்களும் பல இடங்களில் 10 முதல் 12 அடிதான். பத்திரத்தில் உள்ள அகலத்தை நம்பாதீர்கள். வீட்டுப் படி, சாக்கடை மூடி, மின்கம்பம் போக மிஞ்சும் தார் அகலத்தை அளங்கள். பெரிய சாலையிலிருந்து உங்கள் வீடு வரை எந்த இடம் மிகக் குறுகலோ, அந்த அளவுதான் கணக்கு.

12 அடித் தெருவை எடுத்துக்கொள்வோம். சுவரோரம் ஒரு பைக் நின்றால் இரண்டரை அடி போய்விடும், மிச்சம் ஒன்பதரை. ஸ்கார்பியோ-என் உடம்பின் அகலம் 1917 மி.மீ. பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்தால் ஏறக்குறைய 7 அடி. மீதம் இரண்டரை அடி. எதிரே வரும் பைக்கின் ஹேண்டில்பாரே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும், ஆகவே யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். ஸ்விஃப்ட் 1735 மி.மீ., கண்ணாடியோடு ஆறரை அடிக்குள். மூன்று அடி மீதமாகிறது, பைக் போய்விடும். அரை அடி வித்தியாசம்தான், ஆனால் தினமும் இருமுறை அந்த அரை அடியை நீங்கள் சந்திக்க வேண்டும்.

அடுத்து கேட். நேராக நுழையும் கேட் என்றால் 8 அடி போதும். தெருவிலிருந்து செங்குத்தாகத் திரும்பி நுழைவது என்றால் தெருவின் அகலமும் கேட்டின் அகலமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஃபார்ச்சூனரின் டர்னிங் ரேடியஸ் (வண்டி திரும்பும் வட்டத்தின் ஆரம்) 5.8 மீட்டர், ஸ்விஃப்ட்டுக்கு 4.8. ஒரே வீச்சில் திரும்ப முடியாத வண்டியை மூன்று முறை முன்னும் பின்னும் எடுக்க வேண்டும், அதற்குள் பின்னால் ஆட்டோ வந்து நின்றுவிடும்.

கடைசியாக போர்ட்டிகோ. கோலமாவால் தரையில் வண்டியின் அளவில் ஒரு செவ்வகம் போடுங்கள். ஃபார்ச்சூனர் என்றால் 4795 மி.மீ. நீளம், அதாவது 15 அடி 9 அங்குலம். அந்தக் கட்டத்தின் ஓட்டுநர் பக்கம் இரண்டரை அடியும், டிக்கி திறக்கப் பின்னால் மூன்று அடியும் இருக்கிறதா பாருங்கள். இரு சக்கர வண்டிகளையும் தண்ணீர்த் தொட்டி மூடியையும் அங்கேயே வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். காலி போர்ட்டிகோவை அளந்துவிட்டு, பிறகு ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்துகிறவர்கள் அதிகம்.

ஒரு கோடு வெளியே போனாலும் வண்டி தெருவில்தான் நிற்கும். வேலூர் வெயிலில் தெருவில் நிற்கும் வண்டிக்கு பெயின்ட், டேஷ்போர்டு, ரப்பர் பீடிங் எல்லாம் சீக்கிரம் கெடும். அக்கம்பக்கத்துச் சண்டை தனி.

3. பாதையைத் தரம் பிரித்துப் பாருங்கள்

“நம்ம ஊர் ரோட்டுக்குப் பெரிய வண்டிதான் சரி” என்று சொல்வதைப் பகுத்துப் பார்த்தால் மூன்று தனித்தனி விஷயம் வரும்: தரை இடைவெளி, இழுவை, வெள்ளம்.

*தரை இடைவெளி.* இந்தியச் சாலைக் குழுமத்தின் விதிப்படி வளைவான வேகத்தடையின் உயரம் 10 செ.மீ. தெருவாசிகள் தாங்களே போட்டுக்கொள்ளும் தடைகள் அந்த விதிக்குள் வருவதில்லை, அவைதான் அடியில் உரசும். இதற்குத் தேவை உயரம் மட்டுமே, பெரிய உடம்பு அல்ல. 4 மீட்டருக்குள் இருக்கும் நெக்ஸான் 208 மி.மீ., பிரெஸ்ஸா 198, பஞ்ச் 187 கொடுக்கின்றன. ஸ்விஃப்ட் 163. ஐந்து பேரும் சுமையும் ஏறினால் எந்த வண்டியும் சில செ.மீ. இறங்கும். அதனால் இப்போதைய காரில் முழுக் குடும்பத்தையும் ஏற்றி, தினமும் கடக்கும் மோசமான தடையில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். உரசவில்லை என்றால் இந்தக் காரணத்தை நோட்டில் அடித்துவிடலாம்.

*இழுவை.* எஸ்.யூ.வி. என்றாலே நான்கு சக்கரமும் இழுக்கும் என்று நினைப்பது பெரிய தவறு. டீசல் ஹாரியரும் சஃபாரியும் முன்சக்கர இழுவை மட்டுமே. ஸ்கார்பியோ-என், ஃபார்ச்சூனர் இரண்டிலும் 4x4-க்குத் தனி விலை கொடுக்க வேண்டும். சாதாரண வேரியன்ட்டில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். சுமையோடு சரளைக்கல் மேட்டில் ஏறும்போது எடை பின்பக்கம் சாயும். முன்சக்கர இழுவை வண்டி அங்கே சுழன்று நிற்கும், பின்சக்கர இழுவை வண்டி ஏறிவிடும். ஒரு சஃபாரி திணறும் செம்மண் ஏற்றத்தில் 4 மீட்டருக்குள் இருக்கும் பொலேரோ போவதற்கு இதுதான் காரணம்.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. முழுக்கத் தார்ச்சாலை, பேருந்தே ஏறுகிறது. அதற்காகப் பெரிய வண்டி தேவையில்லை. இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் பிடிப்பில் வாருங்கள். இரண்டு டன் வண்டியில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சிறிய காரைவிடச் சீக்கிரம் பிரேக் சூடாகிப் பிடி தளரும். ஒடுகத்தூர் வழியாகப் பீஞ்சமந்தைப் பக்கமோ, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள் கிராமங்களுக்கோ மழைக்காலத்திலும் வாரந்தோறும் போகிறவர் என்றால் கதை வேறு. உங்களுக்கு 4x4 நியாயமான தேவை.

*வெள்ளம்.* பாலாறும் கௌண்டன்யா நதியும் பொங்கும்போது தரைப்பாலங்கள் மூழ்கும். உயரமான வண்டி இருந்தால் கடந்துவிடலாம் என்ற எண்ணம் உயிரை வாங்கும். ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும், இரண்டு அடி இருந்தால் பெரிய எஸ்.யூ.வி.யையும் அடித்துக்கொண்டு போகும். தரைப்பாலத்தை ஒரு காரணமாக நோட்டில் எழுதவே எழுதாதீர்கள்.

4. ஆட்களையும் சுமையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

ஏழு பேரும் ஏழு பெட்டியும் ஒரே வண்டியில் போக முடியாது. எர்டிகாவில் மூன்றாவது வரிசையை நிமிர்த்தி வைத்தால் டிக்கி 209 லிட்டர், ஸ்விஃப்ட்டின் 265-ஐவிடக் குறைவு. பெரிய எஸ்.யூ.வி.களிலும் இதே நிலைதான். மூன்றாவது வரிசையில் வளர்ந்தவர் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும், திருப்பதி போய்த் திரும்புவதற்குள் முதுகு கேட்கும்.

எடையையும் பாருங்கள். ஆளுக்கு 65 கிலோ என்றால் ஏழு பேர் 455 கிலோ. வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து காலி எடையைக் கழித்தால் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். இரண்டும் ஆர்.சி.யிலேயே இருக்கும்.

விவசாயக் குடும்பங்கள் மல்லாட்டை மூட்டை, உர மூட்டை ஏற்றலாம் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. யூரியா மூட்டை 45 கிலோ. பத்து மூட்டை ஏற்றினால் சீட்டை மடித்த பிறகும் ஓட்டுநரோடு சேர்த்து வரம்பை நெருங்கிவிடும், உள்ளே அந்த வாசனை மாதக்கணக்கில் போகாது. அதற்கு லோடு ஆட்டோதான் சரி.

வீட்டில் மூட்டுவலி உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களை ஏறி இறங்கச் சொல்லிப் பார்க்காமல் முடிவே எடுக்கக் கூடாது. உட்காரும் இடம் அவர்கள் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும், அப்போதுதான் அப்படியே திரும்பி உட்கார முடியும். பெரிய எஸ்.யூ.வி.யில் புடவையோடு ஒரு காலைத் தூக்கி வைத்து, கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏற வேண்டும். மாதாமாதம் மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வீட்டுக்கு, வேகன்-ஆர் மாதிரி உயரமாகக் கட்டிய சின்ன வண்டி இதைவிட எவ்வளவோ மேல்.

5. பாதுகாப்பை எடையால் அளக்காதீர்கள்

“பெரிய வண்டி என்றால் அடி படாது” என்பதே பலரை இழுக்கும் கடைசிக் காரணம். பிள்ளைகளை ஏற்றிப் போகும் வண்டி என்பதால் இந்த அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பதிலை உருவத்தில் தேடாமல் சோதனை முடிவில் தேடுங்கள். பாரத் என்கேப் மோதல் சோதனை 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நெக்ஸான், பஞ்ச் போன்ற 4 மீட்டருக்கு உட்பட்ட வண்டிகளும் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன. நீங்கள் எடுக்கும் வேரியன்ட்டில் ஆறு ஏர்பேக், இ.எஸ்.சி. (வண்டி நிலைதடுமாறாமல் பிடிக்கும் மின்னணு அமைப்பு), பின்சீட்டில் மூவருக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மேல் வேரியன்ட் வாங்கிய சின்ன வண்டி, அடிமட்ட வேரியன்ட் பெரிய வண்டியைவிட இந்த விஷயத்தில் நன்றாக இருக்கலாம். உயரமான வண்டியில் இ.எஸ்.சி. இன்னும் முக்கியம். ஈர்ப்பு மையம் மேலே இருப்பதால், நெடுஞ்சாலையில் மாடு குறுக்கே வந்து சட்டென்று ஒடித்தால் கவிழும் வாய்ப்பு கூடுதல்.

வெளியே நிற்பவர்களின் பாதுகாப்பும் இந்தக் கணக்கில் உண்டு. அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பானட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்து முன்பக்கம் சரிவாக உள்ளவற்றைவிட, பாதசாரியை மோதினால் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். சின்ன வண்டி காலில் இடித்து பானட் மேல் சாய்க்கும், உயரமான முகப்பு நெஞ்சிலும் தலையிலும் இடித்துக் கீழே தள்ளும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். டெஸ்ட் டிரைவ் வண்டியை நிறுத்தி, பம்பருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியை வையுங்கள். அதன் உயரம் மூன்று வயதுக் குழந்தையின் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. வண்டியை தினமும் ஓட்டப்போகிறவரை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து, நாற்காலியின் மேல்விளிம்பு தெரியும் வரை அதை ஒவ்வோர் அடியாக வண்டியிலிருந்து விலக்கி நகர்த்துங்கள். அந்தத் தூரத்தை டேப்பில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சின்ன வண்டியிலும் இதையே செய்யுங்கள். வாசலில் பேரப்பிள்ளைகள் விளையாடும் வீட்டுக்கு இந்த இரண்டு எண்களைவிடப் பெரிய ஆலோசனை கிடையாது. கேமரா இருக்கிறதே என்று விற்பனையாளர் சொல்லலாம். அது பெரும்பாலும் பின்பக்கத்துக்கு. 360 டிகிரி கேமரா மேல் வேரியன்ட்டில்தான் வரும்.

6. பணக் கணக்கு

மைலேஜிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், வித்தியாசம் அதில் அவ்வளவு இல்லை. மாதம் 800 கி.மீ. ஊருக்குள் ஓட்டினால், லிட்டருக்கு 10 கொடுக்கும் பெரிய டீசல் வண்டிக்கு 80 லிட்டர், 16 கொடுக்கும் சின்ன பெட்ரோல் வண்டிக்கு 50 லிட்டர். டீசல் 93, பெட்ரோல் 102 என்று வைத்தால் 7,440-க்கும் 5,100-க்கும் உள்ள வித்தியாசம். அசல் பாரம் வரியிலும் கடனிலும் இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள், 1200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் காருக்கும், 4 மீட்டருக்குள் 1500 சி.சி.க்குள் உள்ள டீசல் காருக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. அதன் மேல் தமிழ்நாட்டின் ஆயுள்கால சாலை வரி: 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எட்டு லட்ச ரூபாய் வண்டிக்கு 1.04 லட்சம், 22 லட்ச ரூபாய் வண்டிக்கு 4.40 லட்சம். 9.9 லட்சத்தில் நிற்கும் வேரியன்ட்டை விட்டு 10.1 லட்ச வேரியன்ட்டுக்கு ஏறினால் வரி மட்டும் 53,000 ரூபாய் கூடுகிறது என்பதையும் கவனியுங்கள்.

இப்போது வாடகையோடு ஒப்பிடுங்கள். இரண்டு வண்டிக்கும் ஆன்ரோடு விலையில் 10 லட்சம் வித்தியாசம் என்றால், 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனுக்கு அந்த வித்தியாசத்துக்கு மட்டும் மாதம் ஏறத்தாழ 20,750 ரூபாய் இ.எம்.ஐ. வருஷத்துக்கு 2.49 லட்சம். இன்னோவா வாடகை கி.மீ.க்கு 20 ரூபாய், ஒரு நாளைக்கு 300 கி.மீ., டிரைவர் பேட்டாவும் டோலும் 1,000 என்று வைத்தால் ஒரு நாள் 7,000. அந்த 2.49 லட்சத்தில் வருஷத்துக்கு 35 நாள் பெரிய வண்டியில் போகலாம். முதல் படியில் சுழித்த நாட்களை எடுத்து இதோடு வைத்துப் பாருங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது மஞ்சள் போர்டு வண்டியாக இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கும். காட்பாடி தாண்டினால் ஆந்திரா, வாணியம்பாடி வழியே போனால் கர்நாடகா, ஆகவே பெர்மிட் தொகை யார் தலையில் என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

இன்னொன்று: டயர். ஸ்கார்பியோ-என்னில் 18 அங்குலச் சக்கரத்துக்கு 255/60 அளவு. ஸ்விஃப்ட்டின் அடிமட்ட வேரியன்ட்டில் 165/80, 14 அங்குலம். ஆற்காடு சாலையில் ஏதாவது இரண்டு டயர் கடையில் இரண்டு அளவுக்கும் நான்கு டயரின் விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டோல் மட்டும் மாறாது. பள்ளிகொண்டாவில் சின்ன காருக்கும் ஃபார்ச்சூனருக்கும் ஒரே வகைக் கட்டணம்தான்.

7. டீசலா என்று முடிவெடுக்கும் முன்

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரித்துச் சுத்தமாக்க அது நன்றாகச் சூடேற வேண்டும். காட்பாடியிலிருந்து பழைய பேருந்து நிலையம் வரை தினமும் ஊர்ந்து போய் வருகிறவரின் வண்டியில் அந்தச் சூடு வராது. கரி அடைத்து, டேஷ்போர்டில் விளக்கு எரிந்து, வண்டி வேகம் எடுக்காது. சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்க வேண்டியிருக்கும்.

விளக்கு எரிந்த உடனே நெடுஞ்சாலையில் 60-80 கி.மீ. சீரான வேகத்தில் 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வேலூரிலிருந்து ஆற்காடு வரை போய் வந்தால் போதும். சுத்தமாகிக்கொண்டிருக்கும்போது பாதியில் இன்ஜினை அணைப்பது பழக்கமானால் அடைப்பு நிரந்தரமாகும். வாரத்தில் ஒருமுறைகூட நெடுஞ்சாலை ஏறாதவர் டீசல் எடுக்க வேண்டாம்.

8. டெஸ்ட் டிரைவை உங்கள் வழியில் நடத்துங்கள்

விற்பனையாளர் பைபாஸில் ஏற்றிவிடுவார். அங்கே எந்தப் பெரிய வண்டியும் மிதந்துகொண்டுதான் போகும். மாலை 6 மணிக்கு கிரீன் சர்க்கிளைக் கடந்து, காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி, கடைசியில் உங்கள் தெருவுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். அளந்து வைத்த கேட்டில் ரிவர்ஸில் நுழைப்பது வீட்டில் ஓட்டப்போகும் எல்லோரும், ஒருவர் மட்டுமல்ல. ஓட்டத் தெரிந்த மனைவியோ மகளோ பெரிய வண்டி வந்த பிறகு சாவியைத் தொடாமல் இருப்பது பல வீடுகளில் நடக்கிறது. அப்படியானால் வீட்டில் ஓர் ஓட்டுநர் குறைந்துவிட்டார் என்று அர்த்தம்.

பெரியவர்களையும் பின்சீட்டில் ஏற்றிப் போங்கள். மூன்றாவது வரிசையில் உங்கள் வீட்டிலேயே உயரமானவரை அரை மணி நேரம் உட்காரவையுங்கள்.

9. கணக்கு “வேண்டும்” என்றே சொன்னால்

சிலருக்கு அப்படித்தான் வரும். அப்போதும் ஒரு பிரிவு பாக்கி இருக்கிறது. ஆட்கள் அதிகம் என்பது காரணமானால் முதலில் எர்டிகா, இன்னோவா போன்ற எம்.பி.வி. எனப்படும் குடும்ப வண்டிகளைப் பாருங்கள். அதே நீளத்தில் மூன்றாவது வரிசைக்கு அதிக இடமும், தாழ்ந்த படியும் அவற்றில் கிடைக்கும். பாதை காரணமானால் 4x4 வேரியன்ட்டையே எடுங்கள். இரு சக்கர இழுவையில் பெரிய உடம்பை வாங்குவது அந்தக் காரணத்துக்கு உதவாது. அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் வேலூரிலேயே இருக்கிறதா, மோதிய பாகங்களைச் சரிசெய்யும் பட்டறை இங்கேயா சென்னையிலா என்பதை ஆன்ரோடு விலையோடு சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். டோக்கன் பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

டெலிவரி நாளில் பம்பருக்கு முன்னால் இரும்புத் தடுப்பு (கிராஷ் கார்டு) மாட்டித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மோதலின் வேகத்தை உணர்ந்து ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தை அது கெடுக்கும், எதிரே இருப்பவரின் காயத்தையும் பெரிதாக்கும். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.